எல்லைக் கோடும் பள்ளி மணியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்த்துறையிலிருந்து ஒருத்தி பேச வந்தால் சங்கப் பாடலையோ சிலம்பையோ எடுத்துக்கொள்வாள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'ஊரும் பள்ளியும்' என்பது. ஊரும் பள்ளியும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன என்பதைக் காண, நமக்குப் பழக்கமான ஓர் ஊரை எடுத்துக்கொண்டால் நம் விருப்பு வெறுப்புகள் குறுக்கே வந்து நிற்கும். ஆகவே தொலைவில் உள்ள ஓர் ஊரைத் தேர்ந்துகொண்டேன். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரின் கிழக்கே, ஷேக்கர் ஹைட்ஸ் என்றொரு புறநகர் இருக்கிறது. ஏறத்தாழ 29,000 மக்கள் வாழும் சிற்றூர். அதன் பொதுப் பள்ளிகளின் வரலாறு, ஓர் ஊர் தன் மனச்சான்றைத் தானே சோதித்துப் பார்த்த வரலாறு. அந்தச் சோதனை இன்னும் முடியவில்லை என்பதால்தான் அதை இங்கே பேசத் துணிகிறேன்.

பள்ளி மாவட்டம் என்னும் குட்டி அரசு

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர்ப் பலகை மாட்டியவை பெரும்பாலும் தனியார் பள்ளிகள். அமெரிக்காவில் அச்சொல் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும், கட்டணமில்லாப் பள்ளியையே குறிக்கும். அவ்வாறே நம்மிடம் கல்வி மாவட்டம் என்றால் ஒரு மாவட்டக் கல்வி அலுவலரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி. ஆசிரியர்க்கு ஊதியம் தருவதும் பாடநூல் எழுதுவிப்பதும் மாநில அரசே. அங்கே பள்ளி மாவட்டம் என்பது ஒரு குட்டி அரசு. அதற்குத் தனி எல்லை உண்டு. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்விக் குழு உண்டு. ஷேக்கர் ஹைட்ஸில் அக்குழுவினர் ஐவர். அக்குழுவே கண்காணிப்பாளரை நியமிக்கிறது. வரவு செலவை முடிவு செய்கிறது. மக்களின் ஒப்புதலோடு வரியும் தண்டுகிறது.

இந்த ஏற்பாட்டின் வேர் பழமையானது. 1647இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஒரு சட்டம் வந்தது. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் எழுத்தறிவிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். நூறு குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி ஒன்றை நிறுவ வேண்டும் என்பது அதன் சாரம். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊரே பொறுப்பு என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. 1939-40ஆம் கல்வியாண்டில் அந்நாட்டில் 1,17,000க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. பின்னர் அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுக் குறைந்துகொண்டே வந்து, இன்று ஏறத்தாழ 13,000 ஆகிவிட்டன. அந்தப் பதின்மூவாயிரத்தில் ஒன்றே நம் ஷேக்கர் ஹைட்ஸ்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊரே பொறுப்பு என்பது உயர்ந்த எண்ணம்தான். அதன் உள்ளே ஒரு வினாவும் பதுங்கியிருக்கிறது. யார் ஊர்ப் பிள்ளை? எந்தத் தெருவோடு ஊர் முடிகிறது? இனி நான் சொல்லப் போவதெல்லாம் இந்த வினாவின் விரிவே.

பிள்ளை பெறாதவர்கள் அமைத்த ஊர்

ஷேக்கர்கள் என்போர் ஒரு கிறித்தவத் துறவுக் கூட்டத்தார். ஆணும் பெண்ணும் பிரம்மச்சரியம் காத்து, உடைமையைப் பொதுவில் வைத்து, உழைத்து வாழ்ந்தவர்கள். 1822இல் அவர்கள் அந்த மண்ணில் ஒரு குடியிருப்பை அமைத்தார்கள். ஓடையை மறித்து ஏரிகள் உண்டாக்கினார்கள். மணவாழ்வைத் துறந்த கூட்டம் வளர வழியில்லை. 1889இல் எஞ்சியோர் வேறிடம் பெயர்ந்தனர்; குடியிருப்பு கலைந்தது.

அந்த நிலத்தைப் பின்னாளில் வாங்கியவர்கள் வான் ஸ்வெரிஞ்சன் சகோதரர்கள். இவ்விருவரும் மணம் செய்துகொள்ளாதவர்களே. பிள்ளை பெறாத துறவியர் விட்டுச் சென்று, பிள்ளை பெறாத வணிகர்கள் பின்னாளில் வாங்கிய நிலத்தில், பிள்ளைகளை நடுவில் வைத்து ஓர் ஊர் எழுந்தது என்பது வரலாற்றின் விளையாட்டு. 1912இல் ஷேக்கர் ஹைட்ஸ் தனிக் கிராமமாகப் பதிவாயிற்று. 1920இல் கிளீவ்லாந்தின் நடுப்பகுதிக்கு மின் ரயில் ஓடத் தொடங்கியது. 1931இல் ஊர் நகரமாயிற்று. குடியிருப்புப் பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கப் பள்ளி என்ற முறையில் ஒன்பது பள்ளிகள் அமைந்தன: புலவார்டு, ஃபெர்ன்வே, லோமண்டு, லட்லோ, மால்வெர்ன், மெர்சர், மோர்லாண்டு, ஓனவே, சசெக்ஸ். இன்றும் அங்குள்ள குடியிருப்புப் பகுதிகளுக்கு இந்தப் பள்ளிப் பெயர்களே வழங்குகின்றன. நம் ஊர்களில் கோயிலின் பெயரால் தெரு அழைக்கப்படுவது போல, அங்கே பள்ளியின் பெயரால் பேட்டை அழைக்கப்படுகிறது.

இது அழகிய பக்கம். மறுபக்கத்தையும் புரட்ட வேண்டும். 1920களில் அந்த நிறுவனம் எழுதிக் கொடுத்த விற்பனைப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டை விற்க வேண்டுமானால் நிறுவனத்தின் ஒப்புதலோ அண்டை வீட்டாரின் ஒப்புதலோ வேண்டும். இந்த நிபந்தனை எந்த இனத்தின் பெயரையும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாமலே செய்தது. கறுப்பின மக்களும் யூதர்களும் பெரிதும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். சொற்களை ஆராய்வதே தொழிலாகக் கொண்டவள் நான். எழுதப்பட்ட சொல்லைவிட எழுதாமல் விட்ட சொல் கொடுமை செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பத்திரங்களைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை. இனத்தைக் காட்டி வீட்டு விற்பனையைத் தடுக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கலாகாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகே கதவு சற்றுத் திறந்தது.

லட்லோவில் வெடித்த குண்டு

லட்லோ என்னும் பகுதி ஊரின் மேற்கோரத்தில் இருக்கிறது. அதில் ஒரு விந்தை உண்டு. அப்பகுதியின் ஒரு பாதி ஷேக்கர் ஹைட்ஸ் நகரில் அடங்கும். மறுபாதி கிளீவ்லாந்து நகரில் அடங்கும். ஆனால் இரு பாதியும் ஷேக்கர் ஹைட்ஸ் பள்ளி மாவட்டத்தையே சேர்ந்தவை. நகர எல்லை ஒரு வழியில் போகிறது. பள்ளி எல்லை வேறு வழியில் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

1950களில் கறுப்பினக் குடும்பங்கள் சில லட்லோவில் வீடு வாங்கத் தொடங்கின. 1956 சனவரியில், அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு கறுப்பின வழக்கறிஞரின் வீட்டில் குண்டு வெடித்தது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இத்தகைய நிகழ்ச்சிக்குப் பின் நடப்பது ஒன்றுதான்: வெள்ளையர் அஞ்சி வீட்டை விற்பார்கள், தரகர்கள் அந்த அச்சத்தை விலையாக்குவார்கள், சில ஆண்டுகளில் தெரு முழுவதும் மாறிவிடும், பள்ளியும் மாறிவிடும். லட்லோவிலோ அண்டை வீட்டார் கூடிப் பேசினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒருவர் வீட்டில் ஒருவர் அமர்ந்து பேசினார்கள். 1957இல் லட்லோ சமூகச் சங்கம் உருவாயிற்று.

அந்தச் சங்கத்தின் வேலைமுறை நாம் கவனிக்கத்தக்கது. அவர்கள் தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் கலைந்துவிடவில்லை. வீடு தேடி வருவோரைத் தாமே அழைத்துச் சென்று காட்டினார்கள். வெள்ளையர் வெளியேறிக்கொண்டிருந்த அந்தப் பகுதிக்குக் குடிவர முன்வந்த வெள்ளைக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடனில் உதவினார்கள். கலந்து வாழும் தெரு தானாக அமையாது, அதை உழைத்து அமைக்க வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். 1960களின் பிற்பகுதியில் ஊருக்கே பொதுவான வீட்டுவசதி அலுவலகம் ஒன்று இந்தப் பணியைத் தொடர்ந்தது. இதில் ஒரு முள்ளும் உண்டு. வெள்ளையர்க்குக் கடன் கொடுத்து அழைத்து வந்ததன் உட்பொருள், கறுப்பினத்தார் ஓர் அளவுக்கு மேல் பெருகலாகாது என்பதுதானே என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நன்மை செய்யப் புகுவோர் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி அது.

1970ஆம் ஆண்டுத் திட்டம்

இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 1954இல் பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் தெருக்கள் பிரிந்து கிடந்தால் பள்ளிகளும் பிரிந்துதானே கிடக்கும்? 1960களின் இறுதியில் மோர்லாண்டுத் தொடக்கப் பள்ளியில் ஏறத்தாழ எல்லாரும் கறுப்பினப் பிள்ளைகளே. ஊரின் வேறு சில பள்ளிகளிலோ ஏறத்தாழ எல்லாரும் வெள்ளையர்.

கண்காணிப்பாளர் ஒரு திட்டம் முன்வைத்தார்: மோர்லாண்டின் மேல்வகுப்புப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வெள்ளையர் மிகுந்த பள்ளிகளுக்கு அனுப்புவது. பெற்றோரிடமிருந்து ஒரு மறுப்பு எழுந்தது. கலப்பை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுமை முழுவதையும் கறுப்பினக் குழந்தைகள் தோளிலேயே ஏன் ஏற்றுகிறீர்கள் என்றார்கள். அதன் பின் வெள்ளைக் குடும்பங்கள் பல தம் பிள்ளைகளை மோர்லாண்டுக்கு அனுப்ப முன்வந்தன. நீதிமன்ற ஆணை எதுவும் இல்லாமல், விருப்பத்தின் பேரில், இருவழிப் பயணமாக 1970இல் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் வேறு பல நகரங்களில் பள்ளிப் பேருந்துகளின் மீது கல்லெறி நடந்ததை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

1987இல் மாணவர் தொகை குறைந்ததால் லட்லோ, மால்வெர்ன், மோர்லாண்டு, சசெக்ஸ் ஆகிய நான்கு பள்ளிகள் மூடப்பட்டன. எஞ்சிய ஐந்து தொடக்கப் பள்ளிகளுக்கும் இன விகிதம் ஏறத்தாழச் சமமாக அமையும்படி எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் உட்பரி என்னும் ஒரே பள்ளிக்கு வந்தார்கள். இதிலும் இழப்பு உண்டு. கலப்புக் கனவு பிறந்த லட்லோவே தன் பள்ளியை இழந்தது. மோர்லாண்டும் இழந்தது; அந்தக் கட்டடம் 1993இல் ஊரின் பொது நூலகமாயிற்று. மணி ஓய்ந்த கட்டடத்திற்குள் புத்தகமாவது நுழைந்ததே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.

கோட்டுக்கு அப்பால்

இதுவரை எல்லைக்குள் நடந்ததைச் சொன்னேன். எல்லைக்கு வெளியே என்ன நடந்தது?

1974இல் மில்லிகன் வழக்கு. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளின் இனப் பிரிவினையைப் போக்க, சுற்றியுள்ள 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் திட்டமிட்டது. உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்தது. அப்புறநகர்கள் தவறிழைத்ததாக நிறுவப்படாதபோது எல்லை தாண்டிய பரிகாரம் கூடாது என்றது. அந்த ஒரு வாக்கில் வரைபடத்தின் மெல்லிய கோடு மதிலாக உயர்ந்தது. 1976இல் கிளீவ்லாந்துப் பள்ளிகளிலும் இனப் பிரிவினை உண்டு என்று தீர்ப்பு வந்தது. ஆயினும் பரிகாரம் நகர எல்லையைத் தாண்டவில்லை. சாலையின் இப்பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு பள்ளி. அப்பக்கத்துப் பிள்ளைக்கு வேறொரு பள்ளி.

பணமும் கோட்டைப் பார்த்தே நடந்தது. ஒகையோவில் பள்ளிச் செலவின் பெரும்பங்கு வீட்டு வரியிலிருந்து வருகிறது. வீட்டின் மதிப்பு உயர்ந்தாலும் மக்கள் முன்பே ஒப்பிய வரியின் வருவாய் அதற்கேற்ப உயராதபடி 1976இல் ஒரு சட்டம் வந்தது. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கல்விக் குழு மக்களிடம் சென்று, இன்னும் கொஞ்சம் வரி கொடுங்கள் என்று வாக்குக் கேட்டாக வேண்டும். ஷேக்கர் ஹைட்ஸ் மக்கள் மீண்டும் மீண்டும் 'சரி' என்று வாக்களித்திருக்கிறார்கள். மாநிலத்திலேயே மிக அதிக வரி விகிதமுள்ள ஊர்களில் அது ஒன்று. பிறர் பிள்ளைகளுக்காகவும் வரி கட்டும் அந்த ஈகையை நான் மதிக்கிறேன். ஆனால் வீட்டு மதிப்பே இல்லாத ஊரார் எவ்வளவு விரும்பினாலும் அவ்வளவு திரட்ட முடியாது. வீட்டு வரியையே பெரிதும் சார்ந்த அந்த ஏற்பாடு மாநில அரசியலமைப்புக்கு மாறானது என்று 1997இல் ஒகையோ உச்ச நீதிமன்றமே டிரால்ஃப் வழக்கில் தீர்ப்பளித்தது. 2002 வரை அவ்வழக்கில் நான்கு தீர்ப்புகள் வந்தன. வரியைச் சார்ந்திருக்கும் நிலை மறைந்துவிடவில்லை.

வகுப்பறைக்குள் முளைத்த கோடு

அன்பர்களே, தெருவில் அழித்த கோடு பள்ளிக்குள் முளைத்தது என்பதே இந்த வரலாற்றின் வேதனை. பள்ளிகளில் திறனுக்கேற்பப் படிநிலைகள் இருந்தன. மேற்படி வகுப்பு, பொது வகுப்பு என்று. மேற்படி வகுப்பை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். பொது வகுப்பை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் கறுப்பு முகங்கள். வாசல் ஒன்று, மணி ஒன்று, உணவுக்கூடம் ஒன்று. கல்வி மட்டும் இரண்டு.

மாணவர்களே இதை முதலில் எதிர்கொண்டார்கள். 1983இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இன உறவுக்கான குழுவொன்றைத் தொடங்கி, சிறு வகுப்புகளுக்குச் சென்று தம்பி தங்கையரோடு பேசினார்கள். 1990இல் கறுப்பின மூத்த மாணவர்கள் இளையோர்க்கு வழிகாட்டும் மற்றோர் அமைப்பு உருவாயிற்று. 1997இல் கறுப்பினப் பெற்றோர் சிலர், நைஜீரியாவில் பிறந்து கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மானிடவியல் அறிஞர் ஜான் ஓக்புவை ஆராய வருமாறு அழைத்தார்கள். வசதியும் நல்ல பள்ளியும் இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்பதே அவர்கள் வினா. 2003இல் அவர் நூல் வெளிவந்தது. மாணவர் முயற்சிக் குறைவுக்கும் சமுதாயச் சூழலுக்கும் அவர் அழுத்தம் கொடுத்தார். பழி சுமந்தவர்கள் மீதே மீண்டும் பழி சுமத்துகிறார் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆசிரியர்களின் குறைந்த எதிர்பார்ப்பும் படிநிலை முறையுமே காரணம் என்றனர் மறுதரப்பினர். இரண்டில் எது சரி என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. தம் வீட்டுக் குறையைத் தாமே ஆராயச் சொல்லி ஓர் அறிஞரை அழைத்த அந்தப் பெற்றோரின் துணிவையே வியக்கிறேன்.

2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பெரும்பாலான பாடங்களில் படிநிலைப் பிரிவுகளைப் பள்ளி மாவட்டம் நீக்கியது. அதைப் பாராட்டியவர்களும் உண்டு. ஆயத்தமின்றி அவசரப்பட்டார்கள் என்று குறைகண்டவர்களும் உண்டு. அங்கே படித்த செலஸ்ட் இங் 2017இல் அவ்வூரைக் களமாக்கி ஒரு நாவல் எழுதினார். அங்கே வளர்ந்த பத்திரிகையாளர் லாரா மெக்லர் 2023இல் அதன் இனக் கலப்பு வரலாற்றை நூலாக்கினார். தன் பள்ளியைப் பற்றி இவ்வளவு பேசவும் எழுதவும் ஓர் ஊர் இடம் தந்திருக்கிறது என்பதே அதன் உயிர்ப்புக்கு அடையாளம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

புறநானூற்றின் 183ஆம் பாடல் பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியது. பிறப்பின் மேல்கீழைக் கல்வி புரட்டிவிடும் என்பது அதன் கருத்து. நாம் அதை மேடைதோறும் போற்றுகிறோம். கற்றவன் உயர்வான் என்பது மெய். கற்கும் இடத்துக்குள் யாரை விடுவது என்று தீர்மானிப்பவர் யார் என்பதே பாடலுக்கு அடுத்த கேள்வி. ஷேக்கர் ஹைட்ஸ் அந்த இரண்டாம் கேள்விக்கு எழுபதாண்டுகளாக விடை தேடுகிறது. தெருவைத் திறந்தால் பள்ளியில் தேட வேண்டியிருக்கிறது. பள்ளியைத் திறந்தால் வகுப்பில் தேட வேண்டியிருக்கிறது. வகுப்பைத் திறந்தால் ஆசிரியர் மனத்தில் தேட வேண்டியிருக்கிறது.

லட்லோவுக்குத் திரும்பி வருவேன் என்றேன். கிளீவ்லாந்து நகரத்துப் பிள்ளைகள், பழைய வரைபடத்தில் கோடு சற்று வளைந்து சென்ற ஒரே காரணத்தால், ஷேக்கர் பள்ளியின் பிள்ளைகளானார்கள். அவர்களால் அப்பள்ளி தாழ்ந்துவிடவில்லை. அந்தப் பகுதியில்தான் ஊரின் பெருமைக்குரிய முயற்சியே பிறந்தது. அப்படியானால் எல்லை என்பது மலையோ ஆறோ அன்று. மனிதர் வரைந்தது, மனிதர் மாற்றி வரையக் கூடியது. அந்த ஊர் தன் எல்லைக்குள் கோடுகளை மாற்றி வரைந்து பெருமை பெற்றது. தன்னைச் சுற்றிய கோட்டைத் தொடவில்லை. தொடும் உரிமையும் அதற்குத் தனியே இல்லை. அதன் பெருமையும் அதன் வரம்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ஆசிரியப் பணியில் இருப்பவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பதும் ஒரே கல்வியைப் பெறுவதும் வேறு வேறு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவி கடைசி வரிசையில் அமர்ந்து, எழுதிய கவிதையை நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பட்டம் வாங்கிப் போய்விடுவாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கும். பேச்சில் அவள் குரல் இருக்காது.

கவிஞர் பெருமக்களே, நாமும் நம்மை 'வட்டம்' என்றே அழைத்துக்கொள்கிறோம். வட்டம் என்றாலே அதற்கும் ஒரு கோடு உண்டு. யாரையும் வர வேண்டாம் என்று நம் விதிகளில் எங்கும் எழுதவில்லை. அந்த விற்பனைப் பத்திரங்களிலும் எழுதவில்லை என்பதை மறக்கலாகாது. பத்தாண்டு நிறைந்த இந்நாளில், நம் மாதக் கூட்டத்தின் நேரம் யாருக்கு வசதி, கவியரங்கத்தில் யார் பெயர் தொடர்ந்து விடுபடுகிறது, வந்தவர்களுள் பேசாமலே திரும்புகிறவர் யார் என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். லட்லோ மக்களைப் போல வாசல் வரை சென்று கைப்பிடித்து அழைத்து வருவோம். அழைத்து வந்தபின் முன்வரிசையிலும் இடம் கொடுப்போம். பதினோராம் ஆண்டின் முதல் வேலையாக அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.